பெருங்களத்தூர், மறைமலைநகர், பரனூர்: ஒரே ரயில் பாதையில் மூன்று கார் கதைகள்

தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கலுக்காக நின்றுகொண்டிருந்தபோது அக்கா பையன் கேட்டான். "மாமா, நம்ம கார் கம்பெனிகளால வெளிநாட்டுக்காரனோட நிஜமாவே போட்டி போட முடியுமா? இல்ல, கவர்மெண்ட் வரி போட்டுத் தடுத்து வச்சிருக்கிறதாலதான் பிழைக்கிறாங்களா?"

மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறான். கையில் ஒரு ஐ.டி. கம்பெனி ஆஃபர் இருக்கு. ஆசை என்னவோ கார் டிசைனில். "கார் பக்கம் போனா, பத்து வருஷம் கழிச்சு அந்தக் கம்பெனி இருக்குமா?" என்பதுதான் அவன் கேட்காமல் கேட்டது. ரயிலில் ஏதோ அரைகுறையாகச் சொல்லி வைத்தேன். அதை ஒழுங்காக எழுதிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

இந்தக் கேள்விக்கு நம்ம ஏரியாவிலேயே மூன்று பாடங்கள் இருக்கு. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் பெருங்களத்தூர், மறைமலைநகர், பரனூர் என்று மூன்று ஸ்டேஷன். முதல் ஊரில் ஒரு உள்நாட்டு கார் கம்பெனி மூடிப்போனது. இரண்டாவதில் உலகப் பெரிய வெளிநாட்டு கம்பெனி ஒன்று கார் செய்வதை நிறுத்தியது. மூன்றாவதில் ஒரு உள்நாட்டு கம்பெனி இன்றைக்கும் புது கார்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. உள்நாடு, வெளிநாடு என்பது மட்டுமே விஷயம் என்றால் இந்த வரிசை இப்படி வந்திருக்காது.

பெருங்களத்தூர்: சுவருக்குள் இருந்த கம்பெனி

இன்றைக்கு ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளுமாக இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. முழுப்பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல் சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்தது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 என்று வந்து, 1961-ல் ஹெரால்டு வந்தது. மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த அழகான சின்ன கார். அறுபதுகளின் நடுவிலேயே ஏறக்குறைய முழுக்க இந்தியப் பாகங்களால் அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசி வரை இரண்டு கதவு கார்தான். நாலு கதவு ஹெரால்டு பெருங்களத்தூரில்தான் பிறந்தது. ஆக, திறமை இல்லாத கம்பெனி என்று சொல்லிவிட முடியாது.

அப்போது இந்திய கார் சந்தையைச் சுற்றி பெரிய சுவர் இருந்தது. கார் இறக்குமதி கிட்டத்தட்ட கிடையாது. வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1953-54 வாக்கில் வெளியேறின. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பேர். போட்டியே இல்லை.

ஆனா அந்தச் சுவர் உள்ளே இருந்தவர்களையும் கட்டிப்போட்டது. வருஷத்துக்கு எத்தனை கார் செய்யலாம் என்று லைசென்ஸ் சொல்லும். இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணிக்கு அனுமதி வேண்டும். 1969-ல் காரின் விலையையே அரசு நிர்ணயித்து, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. லாபம் இல்லாமல் அடுத்த மாடலுக்குப் பணம் எங்கிருந்து வரும்? விற்பனை கூடாமல் லாபம் எப்படி வரும்? காத்திருந்து வாங்க ஆள் இருக்கும்போது புது மாடல்தான் எதற்கு?

1970 வாக்கில் பிரிட்டிஷ் உறவு முடிந்தது. 1972-ல் ஸ்டாண்டர்டு சொந்தமாக ஒரு கார் கொண்டுவந்தது, பெயர் கேஸல். ஹெரால்டின் உடலைக் கொஞ்சம் மாற்றி, நம்ம சாலைக்கும் நம்ம மெக்கானிக்குக்கும் ஒத்துவராத பின்பக்க ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு, சாதாரண ஆக்சில் போட்டார்கள். நல்ல பொறியியல் முடிவு. ஆனா எஞ்சின் பழைய 948 சிசி. கொஞ்ச எண்ணிக்கையில் செய்து, எழுபதுகளின் கடைசியில் அதையும் நிறுத்தினார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்கு ஸ்டாண்டர்டு கொடுத்த பதில் 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடல். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது அது. ஆனா உள்ளே வைத்தது பழைய வேன்கார்டு வம்சத்து 1991 சிசி எஞ்சின். அந்த எஞ்சினின் பூர்வீகம் நாற்பதுகளில் இருக்கு. கனமான பெரிய கார், அதை இழுக்கத் திணறும் பழைய எஞ்சின், அதற்கேற்ற பெட்ரோல் செலவு, கூடவே பெரிய விலை. 1988 வாக்கில் எல்லாம் முடிந்தது.

அதே நேரத்தில் கொரியாவில்

இந்த இடத்தில் ரயிலை நிறுத்திவிட்டு கொரியாவின் உல்சான் நகரத்துக்குப் போய்வர வேண்டும். அது இல்லாமல் பெருங்களத்தூர் கதை முழுசாகப் புரியாது.

ஹூண்டாய் மோட்டார் 1967-ல் தொடங்கிய கம்பெனி. ஸ்டாண்டர்டை விட இருபது வருஷம் இளையது. 1968-லிருந்து ஃபோர்டு கார்ட்டினாவைப் பூட்டி விற்றது. அங்கேயும் சுவர் இருந்தது, வெளிநாட்டு கார் உள்ளே வர முடியாது. ஆனா கொரிய அரசு சுவரோடு சேர்த்து ஒரு நிபந்தனையும் வைத்தது. சொந்த மாடல் செய், அதை வெளிநாட்டில் விற்றுக் காட்டு.

ஹூண்டாய் அப்போது வேலைக்கு அழைத்த ஆள் ஜார்ஜ் டர்ன்புல் என்ற ஆங்கிலேயர். அவர் எங்கே தொழில் கற்றார் தெரியுமா? 1941-ல் கவென்ட்ரியில், அதே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில், அப்ரென்டிஸாக! பெருங்களத்தூர் கம்பெனிக்குப் பெயரும் தொழில்நுட்பமும் கொடுத்த அதே தாய்க் கம்பெனிதான். வடிவம் ஜியுஜியாரோ என்ற இத்தாலியர் வரைந்தது, எஞ்சின் மிட்சுபிஷி கொடுத்தது. 1974-ல் டூரின் கண்காட்சியில் போனி என்ற அந்தக் காரைக் காட்டினார்கள். 1976-ல் ஈக்வடார் நாட்டுக்கு முதல் ஏற்றுமதி, வெறும் 5 கார். பத்தே வருஷத்தில், 1986-ல், எக்ஸெல் என்ற காரோடு அமெரிக்காவுக்குள் நுழைந்து முதல் வருஷத்திலேயே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றார்கள். ஆனால் எஞ்சின் மட்டும் கடன் வாங்கியதாகவே இருந்தது. அதற்குத் தனி ஆராய்ச்சிக் கூடம் வைத்து, 1991-ல் ஆல்ஃபா என்ற சொந்த எஞ்சினைக் கொண்டுவந்தார்கள்.

கேஸல் 1972, போனி 1975. இரண்டு கம்பெனிக்கும் கவென்ட்ரி உறவு, இரண்டு காரிலும் இத்தாலியக் கை, இரண்டு நாட்டைச் சுற்றியும் சுவர். ஒருவர் தொழிற்சாலை தரைமட்டமானது. இன்னொருவர் 1996-ல் சென்னைக்கே வந்து, தாம்பரத்துக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை போட்டு, 1998-ல் சாண்ட்ரோவை விற்க ஆரம்பித்தார்.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். வரிச்சுவர் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது நேரம். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அடுத்த மாடலைச் செய்யக் கற்றுக்கொண்டவன் சுவர் விழுந்த பிறகும் நிற்கிறான். கற்றுக்கொள்ளாதவன் சுவர் விழுவதற்கு முன்பே விழுந்துவிடுகிறான். ஸ்டாண்டர்டு மூடியபோது தாராளமயம் வரவே இல்லை என்பதைக் கவனிக்கணும்.

மறைமலைநகர்: பெரிய கம்பெனி, தூரத்துத் தலைமையகம்

சரி, மறுபடி ரயிலில் ஏறுவோம்.

ஐம்பதுகளில் போன ஃபோர்டு 1995-ல் மஹிந்திராவோடு சேர்ந்து திரும்பி வந்தது. முதலில் நாசிக்கில் எஸ்கார்ட். பிறகு மறைமலைநகர் தொழிற்சாலை, 1999-ல் ஐகான். இதற்கிடையில் 1998-ல் பெரும்பான்மைப் பங்கு ஃபோர்டு கைக்குப் போய்விட்டது.

தொண்ணூறுகளில் இந்தியா வைத்த ஒரு நிபந்தனையை இங்கே சொல்லியாகணும். 1997 டிசம்பர் விதிப்படி, கார் செய்ய வரும் வெளிநாட்டு கம்பெனி 3 வருஷத்தில் 50 சதவீதமும் 5 வருஷத்தில் 70 சதவீதமும் உள்நாட்டுப் பாகங்களைப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தன. விதி போய்விட்டது. ஆனா அதற்குள் அது பாதி வேலையைச் செய்துவிட்டது. பாகம் செய்பவர்கள் உலகத் தரத்துக்கு வர வேண்டிய கட்டாயம். பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அடுத்த பத்து வருஷத்தில் ராணே குழும கம்பெனிகள் சிலவும் வாங்கின. ஃபோர்டுக்கும் ஹூண்டாய்க்கும் பாகம் கொடுக்கக் கற்றவர்கள் அந்தக் கையோடு யாருக்கும் கொடுக்கலாம் இல்லையா? இது பின்னால் பரனூரில் வந்து உதவும்.

ஃபோர்டிடம் பணமும் தொழில்நுட்பமும் இருந்தது. 2013-ல் ஈகோஸ்போர்ட் வந்தபோது, 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி என்ற வகையையே இந்தியாவில் பிரபலமாக்கியது அதுதான். 4 மீட்டருக்குக் குறைவான காருக்கு இங்கே வரி குறைவு. அதைக் கணக்குப் போட்டுச் செய்த கார். ஆனா வடிவமைப்பை முன்னின்று செய்தது ஃபோர்டின் பிரேசில் குழு. அதற்குப் பின் 2016-ல் மாருதி ப்ரெஸா, 2017-ல் டாடா நெக்ஸான், 2019-ல் ஹூண்டாய் வென்யூ, மஹிந்திரா எக்ஸ்யூவி300 என்று வரிசையாக வந்தபோது, ஃபோர்டிடம் சின்னச் சின்ன மாற்றங்களோடு அதே ஈகோஸ்போர்ட்தான் இருந்தது. திறந்துவைத்த கடையில் மற்றவர்கள் வியாபாரம் செய்தார்கள்.

மறைமலைநகர், குஜராத்தின் சனந்த் இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல் கார் செய்யக்கூடிய இடங்கள். கடைசிக் காலத்தில் அதில் நாலில் ஒரு பங்கு கூட ஓடவில்லை. 2019-ல் மறுபடி மஹிந்திராவோடு கூட்டு அறிவிப்பு, 2020 கடைசி நாளில் அது ரத்து. 2021 செப்டம்பர் 9-ல், பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்பு. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி கார் வெளியே வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் தலைமையகத்துக்கு இந்தியா என்பது கணக்கேட்டில் ஒரு வரி. அந்த வருஷம் பிரேசிலிலும் உற்பத்தியை நிறுத்தினார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் சரியான முடிவாகவே இருக்கலாம். உள்நாட்டு கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. இந்தச் சந்தையை விட்டால் போக இடம் இல்லை. போட்டியில் இது பலவீனம் மாதிரி தெரியும், உண்மையில் அதுவே அவர்களின் முதல் பலம். நஷ்டம் வந்தாலும் அடுத்த மாடலைப் பற்றித்தான் யோசித்தாக வேண்டும். சனந்த் ஆலையை ₹725.7 கோடிக்கு வாங்கியது யார் தெரியுமா? டாடா.

பரனூர்: வரைபடம் யார் கையில்

பரனூர் ஸ்டேஷனில் இறங்கினால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அதற்குள் சுமார் 125 ஏக்கரில் மஹிந்திரா ரிசர்ச் வேலி, 2012-ல் திறந்தது. இங்கே கார் உற்பத்தி கிடையாது. கார்களுக்கான பொறியியலும் சோதனையும்தான் வேலை.

இந்த இடத்துக்கு வந்த வழி ஸ்கார்பியோ. ஜீப் செய்துகொண்டிருந்த மஹிந்திரா, தொண்ணூறுகளில் உலக கம்பெனிகள் உள்ளே வந்தபோது சொந்தமாக ஒரு எஸ்யூவி செய்ய முடிவெடுத்தது. அந்த முயற்சியின் முக்கியமான ஆள் பவன் கோயங்கா. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்துவிட்டு 1993-ல் திரும்பி வந்தவர். எல்லாவற்றையும் தானே செய்யாமல், சீட், டாஷ்போர்டு, ஏசி என்று பகுதி பகுதியாகப் பெரிய சப்ளையர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். டீசல் எஞ்சினை மேம்படுத்த ஆஸ்திரியாவின் ஏவிஎல் உதவியது. ஆனா மொத்தக் காரையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு நாசிக்கில் இருந்த சின்னக் குழுவிடம். செலவு ₹600 கோடி அளவில் முடிந்தது. 2002 ஜூனில் கார் வந்தது. உலகத் தரத்துப் பாகங்கள் செய்பவர்கள் இங்கேயே தயாராக இருந்ததால்தான் இந்த முறை சாத்தியமானது. மறைமலைநகரும் இருங்காட்டுக்கோட்டையும் இந்த நாட்டுக்குக் கொடுத்த மறைமுக லாபம் இது.

எல்லாமே வெற்றி என்று சொல்ல வரவில்லை. ரெனோவோடு செய்த லோகன் ஓடவில்லை. கொரியாவின் சாங்யோங் கம்பெனியை 2011-ல் வாங்கி, பத்து வருஷத்தில் கைவிட்டார்கள். டாடாவின் நானோவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனா தோல்விக்குப் பிறகு அடுத்த கார் வந்தது. அதுதான் ஸ்டாண்டர்டிடம் இல்லாதது. 2018-ல் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் 5 ஸ்டார் வாங்கியது. இந்திய கார்களில் அதுவே முதல். 2021-ல் வந்த எக்ஸ்யூவி700-ம் 5 ஸ்டார். "இந்தியர்களுக்குப் பாதுகாப்பு பெரிசு இல்லை, மைலேஜ்தான் பெரிசு" என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் உள்நாட்டு கம்பெனிகள் புகுந்தன. 2024-25-ல் மஹிந்திரா இந்தியாவில் விற்றது சுமார் 5.5 லட்சம் எஸ்யூவி. ஹூண்டாய் விற்றது சுமார் 6 லட்சம் கார். இருபது வருஷத்துக்கு முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இப்போதைய வேன்கார்டு எஞ்சின்

பிறகு எதற்குக் கவலை? இரண்டு விஷயம் இருக்கு.

ஒன்று பேட்டரி. மின்சார காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு பேட்டரிதான். 2024 நவம்பரில் சென்னையில் வைத்து மஹிந்திரா அறிமுகப்படுத்திய பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டிலும் உள்ள பேட்டரி செல்கள் சீனாவின் பிஒய்டி கொடுப்பவை. பிஒய்டி யார்? உலகம் முழுக்க மின்சார கார் விற்கும் போட்டியாளன். 2025 ஏப்ரலில் மோட்டாருக்குத் தேவையான அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் இங்கே கார் கம்பெனிகள் எல்லாம் தவித்தன. கடன் எஞ்சினோடு கிளம்புவது தப்பில்லை, போனியும் அப்படித்தான் கிளம்பியது. பதினாறு வருஷத்தில் ஆல்ஃபா வந்ததா என்பதுதான் கேள்வி. செல் உற்பத்திக்கு 2021-ல் மத்திய அரசு ₹18,100 கோடி ஊக்கத் திட்டம் அறிவித்தது. அந்தப் பணத்தை வைத்து வாங்கும் நேரத்தில் சொந்த செல் வந்தாகணும்.

இரண்டாவது, வெளிநாட்டுப் பரீட்சை. இந்தியாவிலிருந்து கப்பல் ஏறும் கார்களில் பெரும்பங்கு மாருதி சுசூகி, ஹூண்டாய், நிசான் போன்றவர்களுடையது. மஹிந்திரா தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்கிறது. ஆனா மொத்த விற்பனையில் அது சின்னப் பகுதிதான். இறக்குமதி காருக்கு இங்கே இன்னும் பெரிய வரி. எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு 2020 முதல் அரசு அனுமதி கட்டாயம் என்பதால் சீன கம்பெனிகள் நினைத்தபடி உள்ளே வர முடியாது. ஆக, சுவர் இன்னும் இருக்கு. ஆனா உயரம் குறைந்துகொண்டு வருது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை கார்களுக்கு வரி 10 சதவீதம் வரை இறங்கப்போகிறது.

அக்கா பையனுக்கு

உன் கேள்விக்குப் பதில்: முடியும், பாதி தூரம் வந்தும் ஆயிற்று. சுவர் உதவியது உண்மை. ஆனா அதே சுவர் ஸ்டாண்டர்டைக் காப்பாற்றவில்லை.

எந்தக் கம்பெனிக்குப் போவதாக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பார். இந்தக் காரின் வரைபடத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கு? அடுத்த மாடலுக்கு இப்போதே ஆள் வேலை செய்கிறார்களா? சுவர் இல்லாத ஊரில் இந்தக் கார் விற்குதா?

ஃபோர்டு கார் செய்வதை நிறுத்திய பிறகும், சோழிங்கநல்லூரில் அவர்களுடைய தொழில்நுட்ப அலுவலகம் ஓடிக்கொண்டிருக்கிறது. வேர்ல்டு சிட்டியிலேயே ரெனோ-நிசானின் பொறியியல் மையம் இருக்கு. ஆக, கார் டிசைன் தெரிந்த ஆட்கள் நம்ம ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வரையும் கார் எந்த நாட்டில் ஓடும், எப்போது நிறுத்தப்படும் என்பதை வேறு ஊரில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். மீதிப் பேருக்கான முடிவு இங்கே எடுக்கப்படுகிறது. ஐ.டி. ஆஃபரை என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் பாடு. ஆனா கார் பக்கம் போவதாக இருந்தால், பேட்டரி செல் பக்கம் போ. பெருங்களத்தூரில் எஞ்சின் இல்லாமல் போனது அங்கேதான் இப்போது இல்லாமல் இருக்கு.